தாத்தா புத்தி

குழந்தை பார்க்க வருகிறவர்கள் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு இன்னொன்றையும் கொண்டு வருவார்கள். மூக்கு யாரைப் போல, நெற்றி யாரைப் போல, பிடிவாதம் யாரைப் போல என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பார்கள். என் மகன் பிறந்தபோதும் வந்தார்கள். மூக்கு, நெற்றி வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். "புத்தி யாரைப் போலன்னு போகப் போகத்தான் தெரியும்" என்று ஒருவர் ஆரம்பித்ததும் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு மரியாதை தெரியவில்லை என்று கூடத்தில் பேச்சு நடந்தது. நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சொல் எங்கள் வீட்டில் என்ன செய்துவிட்டுப் போனது என்று அவர்களுக்குத் தெரியாது.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும், தம்பிக்கு ஏழு. ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊரிகம் ஸ்டேஷனுக்கு அருகில், தண்டவாளத்தை ஒட்டி, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அப்பாவின் அக்காவும் அவர் கணவரும், அதாவது என் அத்தையும் மாமாவும். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியில் நின்றுவிடும். இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். அங்கே திட்டினால் இங்கே வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் வாங்கிக்கொண்டவள் என் அம்மா.

மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சுரங்கத்தில் போனது. அந்தக் காலை எடுத்தவர் என் அம்மாவைப் பெற்ற தாத்தா.

அது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணமான முதல் வருடம். தாத்தா பூமிக்கடியில் கல் அள்ளும் வேலையில் இருந்தார். கல் நிரம்பிய வண்டிகளை இழுத்துப் போக அங்கே சின்ன எஞ்சின் ஒன்று உண்டு, லோகோ என்பார்கள். ஒருநாள் லோகோ ஓட்டுகிறவர் ஷிஃப்டுக்கு வரவில்லை. எனக்கும் ஓட்டத் தெரியும் என்று தாத்தா ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியில் ஒரு வளைவு, வளைவில் ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்தால் தண்டவாளத்தில் ஆள் இருக்கிறது, நிற்க வேண்டும். சிவப்பு எரிந்தது. தாத்தா நிற்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் குனிந்து தண்டவாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவர் மாமா.

விசாரணையில் தாத்தா ஒரே ஒரு பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: "நான் பாத்தப்போ பச்சைதான்." அங்கே இருந்த மற்ற எல்லோரும் சிவப்பு என்றார்கள். ஊருக்கே சிவப்பாக இருந்த விளக்கு ஒரு மனிதனுக்கு மட்டும் எப்படிப் பச்சையாகும்? குடித்திருந்தால் ஆகும். அவ்வளவுதான், முடிந்தது. தாத்தாவுக்கு வேலை போயிற்று. அதுவரை சனிக்கிழமை மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர், குடிகாரன் என்று பெயர் விழுந்த பிறகு எல்லாக் கிழமையும் குடித்தார். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். நாங்கள் சொன்னது சரியாகிவிட்டது பார் என்று ஊருக்குத் திருப்தி.

இந்தக் கதையை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. சுவருக்கு மேலாகத் துண்டு துண்டாக வந்து விழுந்ததை நானே சேர்த்து வைத்துக்கொண்டேன். அத்தைக்கு அம்மாவின் பெயரே மறந்துவிட்டது. 'குடிகாரன் பொண்ணு' என்பாள். குடிகாரன் பொண்ணு தண்ணி பிடிச்சிட்டாளா, குடிகாரன் பொண்ணு கோயிலுக்குப் போயிட்டாளா. அம்மா பதில் பேசியதில்லை. பேச வாயெடுக்கும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் கட்டைக்கால் தரையில் டொக் டொக் என்று கேட்கும். பிறகு எங்கே பேசுவது?

ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை அம்மா ஒரு காரியம் செய்வாள். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அப்பா வீட்டுக் கல்லறைகளுக்கெல்லாம் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் முடிந்து, பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்கும் நேரத்தில் அம்மா காணாமல் போவாள். கோடியில், வேலியோரம், மரச்சிலுவை நட்ட ஒரு மண்மேடு இருந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மெழுகுவத்தி ஒன்றை அங்கே ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வந்து சேர்ந்துகொள்வாள். எனக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சுரங்கம் மூடியதும் எங்கள் வரிசை ஆண்களெல்லாம் விடியற்காலை வண்டி பிடித்து பெங்களூர் போக ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. மற்றவர்கள் சீட்டுப் பிடிக்க முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். அப்பா போக மாட்டார். சுரங்கத்தில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிய பிறகு சட்டை மாட்டிப் பழகிய உடம்பு அது. அவருக்காக வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு, சிக்னல் பார்ப்பது. வரிசையின் கோடியில் இடிந்த மதில் மேல் ஏறி நின்றால் சிக்னல் விளக்கு தெரியும். சிவப்பாக இருக்கும் வரை அப்பா டீ குடிக்கலாம். பச்சை விழுந்துவிட்டால் வண்டி வரப்போகிறது, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மதில் மேல் நின்று கத்துவது என் வேலை. அப்படியும் அப்பா இரண்டு மூன்று தடவை வண்டியை விட்டிருந்தார். இனி ஒரு தடவை தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்கள் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. தூறலும் பனியுமான காலை. போர்வைக்குள் கிடந்தேன். தம்பியை எழுப்பி மதிலுக்கு அனுப்பினார்கள். அவன் அதற்கு முன் சிக்னல் பார்த்ததில்லை.

"இன்னாடா?" என்று அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"செவப்புப்பா!"

அப்பா இன்னொரு டம்ளர் டீ கேட்டார். அம்மா ஊற்றினாள். கொஞ்ச நேரம் போயிற்று.

"நல்லா பாத்து சொல்றா!"

"செவப்புதாம்பா! அப்டியேதான் கீது!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வண்டி ஊதியது. தண்டவாளம் எங்கள் வீட்டை ஒட்டித்தான் போகிறது. பாத்திரங்கள் அதிரும் அளவுக்கு அது எங்களைக் கடந்து போனது. அப்பா டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் கடைசிப் பெட்டி போய்விட்டது. பங்காருபேட்டைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ஏதோ ஒரு வண்டி பிடித்துப் போய்ப் பார்த்தார். மத்தியானம் திரும்பி வந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னார். தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கன்னத்தில் ஒன்று விட்டார். அவன் சுவரில் போய் மோதினான். சத்தம் கேட்டு அத்தை வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆமாம், வெளிச்சம்தான். வேறு எந்தச் சொல்லையும் போட்டு அதை மூட எனக்கு மனசில்லை.

"இதுல பேசறதுக்கு இன்னா இருக்குது? அந்தாளு செவப்பப் பச்சைன்னாரு. இது பச்சைய செவப்புங்குது. தாத்தா புத்தி அப்டியே வந்துக்கீது. ரத்தத்துல வர்றது எங்க போவும்?"

அன்றைக்கு அம்மா முதல் தடவையாகப் பதில் சொன்னாள். "எங்க அண்ணனுக்கு இல்லாத புத்தி இவனுக்கு மட்டும் எங்கேர்ந்து வரும் அண்ணி? பெத்த புள்ளைக்கே வரலியே."

"உன் வழியாத்தான் வரும். வேற எப்டி வரும்?" என்றாள் அத்தை.

அம்மா கூடைக்குப் போனாள். ஒரு தக்காளியையும் ஒரு பச்சைமிளகாயையும் எடுத்து வந்து தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பிள்ளைக்கு நிறம் தெரியவில்லையோ என்ற சந்தேகம் அவளுக்கு வந்திருக்கிறது, பாருங்கள். எங்கள் வீட்டில் அந்த நிமிடம் சரியான கேள்வியைக் கேட்டது படிப்பில்லாத அவள் ஒருத்திதான்.

"இது இன்னா கலர்?"

"செவப்பு."

"இது?"

"பச்சை."

"தெரியுது பாரு!" என்று அத்தை கையைத் தட்டினாள். "அப்போ காலைல வேணும்னேதான் சொல்லிக்கீறான்."

தக்காளிக்குத் தக்காளியின் வடிவம் இருக்கிறது. மிளகாய்க்கு மிளகாயின் வடிவம் இருக்கிறது. தக்காளி சிவப்பு, மிளகாய் பச்சை என்று ஒன்றாம் வகுப்பிலேயே பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிடுகிறோம். பனியில் தூரத்தில் எரியும் விளக்குக்கு வடிவம் இல்லை, பெயர் இல்லை. இதை யோசிக்க ஒரு ஆளும் அங்கே இல்லை. சரியாகச் சொன்னதால்தான் தம்பி பொய்யன் ஆனான்.

அப்போதுதான் மாமா வந்தார். கட்டைக்காலை வாசற்படிக்கு மேலே தூக்கிவைக்க அவருக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஏமே, போதும் விடுமே. அன்னிக்கு அவரு குடிக்கல. எத்தினி தபா சொல்றது? அவருதான் ஓடியாந்து என்னியத் தூக்கி மடில போட்டுக்கினாரு. மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. வாடையே இல்ல."

அவர் இதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். காலைக் கொடுத்த மனிதர் சொல்கிறார். அதற்கு மேல் ஒரு சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் அத்தை அசரவில்லை. அவள் கணவரைப் பார்க்கக்கூட இல்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

"குடிக்கலியா? சரி, குடிக்கல. அப்போ நல்லா கண்ணு தெரிஞ்சே வந்து ஏத்துனாரா? ஆளு நிக்கிறான்னு தெரிஞ்சே ஏத்துனாரா? நீ சொல்லு. உங்கப்பன்தானே. ரெண்டுல எது? குடிச்சிட்டு ஏத்துனாரா, வேணும்னே ஏத்துனாரா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வாய் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. அம்மாவின் கையில் தக்காளி நசுங்கிச் சாறு முழங்கை வரை ஒழுகியது.

"குடிச்சிட்டுதான் இருந்தாரு அண்ணி" என்றாள் அம்மா. "எங்கப்பன் குடிகாரன். போதுமா?"

அத்தைக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பிப் போய்விட்டாள். மாமா டொக் டொக் என்று அவள் பின்னால் போனார். அம்மா கரண்டியை எடுத்துத் தம்பியை அடித்தாள். அப்பா அடித்தது ஓர் அடி, அம்மா அடித்ததற்குக் கணக்கில்லை. இனிமே பொய் சொல்லுவியா, தாத்தா மாதிரி ஆவியா என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டாள். ஆக மாட்டேன், ஆக மாட்டேன் என்று அவன் அலறினான். தான் பார்த்ததேயில்லாத ஒரு மனிதரைப் போல ஆக மாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் நானும் தம்பியும் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு விக்கல் நிற்கவில்லை. ரத்தத்தில் வருகிறது என்று அத்தை சொன்னது என் தலையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தாத்தா அதில் எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீரில் மிதக்கும் தூசி மாதிரி கண்ணுக்குத் தெரிவார், எடுத்து எறிந்துவிட்டால் தம்பிக்கு அடி விழாது. பாவாடையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி என் விரலில் குத்தினேன். பிறகு அவன் விரலிலும். இரண்டு பேரின் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க்கா கீது" என்றான் தம்பி. "சேறு மாதிரி."

"ரத்தம்டா. சேறுங்கிற. நல்லா செவப்பாக் கீது பாரு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு விரலைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "ஆமா, செவப்பா கீது" என்றான். அன்றிலிருந்து என் தம்பி எந்த நிறத்தையும் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கிரேயான் காகிதத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துத்தான் வண்ணம் தீட்டுவான். காகிதம் கிழிந்த கிரேயானைத் தொடமாட்டான். பெரியவனானதும் வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை. என்ன அடக்கமான பிள்ளை என்று கோயிலில் ஃபாதர் பிரசங்கத்திலேயே சொன்னார். நாங்களும் பெருமையாகத் தலையாட்டினோம்.

அந்த வருடம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். எல்லாக் கல்லறைக்கும் ஏற்றி முடித்த பிறகு பெட்டியில் ஒரு மெழுகுவத்தி மீந்தது. எந்தக் கல்லறை யாருடையது என்று அத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா அந்த ஒன்றைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து மூடினாள். அடுத்த வருடமும் வேலிப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு வேறு வேலை கிடைத்தது, அது பெரிய கதை இல்லை. நான் படித்தேன், பெங்களூரில் குடித்தனம், ஒரு மகன். அவன் ஒன்றாம் வகுப்பில் மரத்துக்கு இலையைப் பழுப்பாகவும் தண்டைப் பச்சையாகவும் தீட்டிவிட்டு வந்தான். பையன் வகுப்பில் விளையாட்டுத்தனமாக இருக்கிறான் என்று மிஸ் எழுதி அனுப்பியிருந்தார். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். புள்ளி புள்ளியாக நிறம் தெளித்த அட்டைகளைக் காட்டி, இதில் என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார் டாக்டரம்மா. எனக்குத் தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை, சிவப்பும் பச்சையும் இவனுக்குப் பிரிந்து தெரியாது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு, "உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது இருக்கா? உங்க அம்மாவோட அப்பாவுக்கு?" என்று கேட்டார். ஏன் அவரைக் கேட்கிறீர்கள் என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். நிறத்தைப் பிரித்துக் காட்டும் குறிப்பு எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பிழை இருந்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். அவளுக்கு எல்லா நிறமும் தெரியும், தனக்குள் ஒரு பிழை இருப்பதே தெரியாது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அதுவும் அம்மா கொடுத்தது. அதில் பிழை இருந்தால் கைகொடுக்க இன்னொன்று இல்லை. பிழையுள்ள அப்பா அதைத் தன் மகனுக்குக் கொடுக்கவே முடியாது, ஏனென்றால் மகனுக்கு அவர் கொடுப்பது எக்ஸ் இல்லை. மகளுக்கோ கொடுக்காமல் இருக்க முடியாது. அந்த மகள் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுகிற மாதிரிதான்.

பெற்ற பிள்ளைக்கு வரவில்லை. மகள் வழியாகப் பேரனுக்கு வந்திருக்கிறது. ரத்தத்தில் வருவது எங்கே போகும், உன் வழியாகத்தான் வரும். அத்தை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதுதான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது. முழு உண்மையையும் கையில் வைத்துக்கொண்டு அதில் புத்தி என்ற ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டாள். அது கண், புத்தி இல்லை. தாத்தாவுக்கும் இப்படி இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார், செத்துப்போனவரைச் சோதிக்க முடியாதே என்றார். எனக்கு அந்த 'இருக்கலாம்' போதும். குடிகாரன் என்று முடிவு கட்ட ஊருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

வெளியே வந்து தம்பிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்க்கா. காலேஜ்ல ஃபிரெண்டு ஒருத்தன் மொபைல்ல அந்தப் புள்ளி எல்லாம் காட்டுனான்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா? திரும்பவும் தக்காளியத் தூக்கிக் காட்டுவீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிகம் போனேன். அப்பா போய்விட்டார், மாமாவும் போய்விட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா தனியாக, அந்தப் பக்கம் அத்தை தனியாக. இரண்டு பேரும் ஒரே மாதிரி இருமுகிறார்கள். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தவில்லை. முழுக்கச் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்:

"அப்போ அவரு பாத்தது பச்சைதானா?"

"அவருக்குப் பச்சைதான்மா. குடிக்கல. வேணும்னும் செய்யல."

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றிருந்தது. நான் வேண்டுமென்றேதான் உரக்கச் சொன்னேன். அத்தையின் குரல் வந்தது. பழைய குரலில் பாதிதான் மிச்சம். "அதுக்கு இன்னாங்கிற? போன காலு வந்துடுமா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்து, "வராது அண்ணி" என்றாள். "எங்கப்பனும் வரமாட்டாரு."

பிறகு சாமிப் படத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து ஒரு மெழுகுவத்தி எடுத்தாள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். வேலியோரம் மரச்சிலுவை இல்லை, மண்மேடும் இல்லை. புதிதாகச் சிமெண்டுக் கல்லறைகள் வரிசையாக வந்திருந்தன, எல்லாம் யார் யாருடையதோ. இருபது வருடம் யாரும் போகாத இடத்தை யார் நமக்காக விட்டு வைப்பார்கள்? அம்மா இங்கேயும் அங்கேயும் நடந்து பார்த்தாள். கடைசியில் இரண்டு கல்லறைகளுக்கு நடுவில் கொஞ்சம் வெறும் மண் கிடந்த இடத்தில் குனிந்து ஏற்றி வைத்தாள். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. அவளும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் கேட்டது ஒன்றுதான். "அன்னிக்கு நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்காது என்றேன். வேறு என்ன சொல்ல?

'எங்கப்பன் குடிகாரன், போதுமா' என்று அவள் சொன்ன அன்று, அத்தையிடம் அம்மா தோற்றுப்போனாள் என்றுதான் நினைத்தேன். கோழை என்றுகூட மனசுக்குள் திட்டினேன். அவள் முன்னால் இருந்தவை இரண்டே பதில்கள்தான் என்று பத்து வயதுக்குத் தெரியவில்லை. ஒன்றைச் சொன்னால் அவள் அப்பன் குடிகாரன், இன்னொன்றைச் சொன்னால் கொலைகாரன். அவரைக் காப்பாற்ற அவள் கையில் அன்றைக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.